நீலத் தொப்பி வருவதற்கு முன்னும் பின்னும்: போரில் பொதுமக்களைக் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துக் கல்லூரிகளிலும் நூலகங்களிலும் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் இது தூரத்துச் சங்கதியாகப் படுவதில்லை. பர்மாவை விட்டு நடந்தே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள், சிவகங்கை மாவட்டத்து முகாம்களில் ஈழத்துக் குடும்பங்கள் இருக்கின்றன, தெருவுக்கு இரண்டு பிள்ளைகளை ராணுவத்துக்கோ துணை ராணுவத்துக்கோ அனுப்பிய கிராமங்களும் இருக்கின்றன. அதனால் கேள்விகள் கூர்மையாகவே வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே பதிலோடு தொகுத்திருக்கிறேன்.

ஐ.நா.வுக்குச் சொந்தமாகப் படை இருக்கிறதா?

இல்லை, ஒரு சிப்பாய்கூடக் கிடையாது. கல்யாணத்துக்கு நாலு வீட்டில் அண்டா குண்டான் இரவல் வாங்கிச் சமைப்பது மாதிரிதான். பாதுகாப்பு அவையில் தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் இந்தியா, நேபாளம், வங்கதேசம், ருவாண்டா, பாகிஸ்தான் போன்ற நாடுகளிடம் ஆள் கேட்பார்கள். வருகிறவர்கள் அவரவர் நாட்டுச் சீருடையில், தலையில் மட்டும் ஐ.நா.வின் நீலத் தொப்பியோடு வருவார்கள், இவர்களைத்தான் ஐ.நா. அமைதிப்படை என்கிறோம். கேட்டு, ஒப்புக்கொண்டு, ஏற்றி, இறக்கி, முகாம் போட்டு முடிக்கப் பல மாதம் ஆகிவிடும்.

தீர்மானம் போடுவது 15 நாடுகள் கொண்ட பாதுகாப்பு அவை. அதில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய 5 நாடுகளில் ஒன்று வேண்டாம் என்று வீட்டோ போட்டாலும் கதை முடிந்தது. அது போக, படை இறங்கப்போகும் நாட்டின் அரசும் சம்மதிக்க வேண்டும். இந்த மூன்றையும் (தாமதம், வீட்டோ, சம்மதம்) நினைவில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள், பல பதில்கள் இதில் வந்துதான் முட்டி நிற்கும்.

மக்களைக் காப்பாற்றுவது ஆரம்பத்திலிருந்தே இவர்கள் வேலையா?

1948-இல் மத்தியக் கிழக்கில் முதல் பணி தொடங்கியபோது போர்நிறுத்தத்தைக் கண்காணிப்பது மட்டும்தான் வேலை. 1956-இல் சூயஸ் நெருக்கடியின்போதுதான் ஆயுதம் தாங்கிய முதல் படை போனது, அதிலும் இந்தியர்கள் இருந்தார்கள். இரண்டு நாட்டு ராணுவங்களுக்கு நடுவில் நிற்பார்கள், யார் எல்லை தாண்டினார்கள் என்று எழுதி அனுப்புவார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் எரிந்தால் அது அவர்களுடைய உத்தரவில் வராது.

அந்த ஏற்பாடு உடைந்தது ருவாண்டாவில். 1994 ஏப்ரலில் கொலைகள் தொடங்கியபோது அங்கே சுமார் 2,500 ஐ.நா. படையினர் இருந்தார்கள். கிகாலி நகரத்தில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் பெல்ஜியப் படையினர் முகாமிட்டிருந்தார்கள், அவர்களை நம்பி 2,000 பேர் அளவில் அந்த வளாகத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வாளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று, வெளிநாட்டவரை ஏற்றிக்கொண்டு வரச்சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது, வண்டிகள் கிளம்பின, உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானோர் அன்றே கொல்லப்பட்டார்கள். பத்து நாள் கழித்துப் பாதுகாப்பு அவை, படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. சுமார் 100 நாளில் 8 லட்சம் பேர் செத்தார்கள்.

அந்த நேரத்தில் செனகல் நாட்டைச் சேர்ந்த கேப்டன் எம்பாயே தியாங் என்ற ஒருவர் ஆயுதம் இல்லாமலே சாவடி சாவடியாகப் பேசிப் பேசி, ஜீப்பில் சிலரைச் சிலராக ஏற்றிக் கடத்திக்கொண்டு வந்து நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றினார். மே 31 அன்று ஒரு குண்டு விழுந்து இறந்துபோனார். ஐ.நா. வீரத்துக்கான தன் பதக்கத்துக்குப் பிற்பாடு அவர் பெயரையே வைத்தது. அவர் செய்த எதற்கும் உத்தரவு கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறு வருடமே போஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சா. அந்த ஊரைப் 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று ஐ.நா.வே 1993-இல் அறிவித்திருந்தது, டச்சு வீரர்கள் காவலுக்கு இருந்தார்கள். 1995 ஜூலையில் போஸ்னிய செர்பியப் படை உள்ளே நுழைந்து ஏறக்குறைய 8,000 ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது. பாதுகாப்பு என்று சொல்லி மக்களை ஓரிடத்தில் சேர்த்துவிட்டு, தாக்கினால் தடுக்கிற பலத்தைக் கொடுக்காமல் விட்டால் சேர்க்காமல் இருப்பதைவிட மோசமாகிவிடும்.

இந்த இரண்டுக்கும் பிறகுதான் 1999-இல் சியரா லியோன் பணிக்கான தீர்மானத்தில் (எண் 1270), உடனடி ஆபத்தில் இருக்கும் பொதுமக்களைக் காக்க நடவடிக்கை எடுக்கலாம் என்று முதன்முறையாக வெளிப்படையாக எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்த பெரிய பணிகள் பெரும்பாலானவற்றில் அந்த வாசகம் இருக்கிறது.

அப்படியானால் இப்போது சுடலாம்தானே?

காகிதத்தில் சுடலாம். தற்காப்புக்கும், ஒப்படைத்த பணியைக் காக்கவும் பலத்தைப் பயன்படுத்த அனுமதி உண்டு. நடைமுறை வேறு. ஐ.நா.வின் உள் தணிக்கைப் பிரிவே 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது: 2010 முதல் 2013 வரை பொதுமக்கள் தாக்கப்பட்டதாகப் பதிவான 507 சம்பவங்களில் 101-இல் மட்டுமே படையினர் உடனே எதையாவது செய்திருக்கிறார்கள், ஐந்தில் ஒன்று. காரணம் கேட்டால் ஆள் குறைவு, சாலை இல்லை, ஹெலிகாப்டர் இல்லை என்பார்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் தன் நாட்டுத் தலைநகரத்துக்குப் போன் போட்டு "செய்யலாமா?" என்று கேட்டுவிட்டு அசைகிற படைப்பிரிவுகளும் இருக்கின்றன, அதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

பிறகு எதற்கு இவர்கள்? பிரயோஜனம் உண்டா இல்லையா?

உண்டு. இதைச் சந்தேகமில்லாமல் சொல்கிறேன். உள்நாட்டுப் போர்களை ஆராய்ந்த லிசா ஹல்ட்மன், ஜேக்கப் கேத்மன், மேகன் ஷானன் ஆகிய மூவர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஐ.நா. படைவீரரும் காவலரும் எத்தனைக்கு எத்தனை அதிகமாக அனுப்பப்பட்டார்களோ அத்தனைக்குப் பொதுமக்கள் கொல்லப்படுவது குறைந்தது என்று கண்டார்கள். ஆயுதமில்லாத பார்வையாளர்களை மட்டும் அனுப்பிய இடங்களில் அந்தப் பலன் தெரியவில்லை.

ஆய்வை விடுங்கள், தென் சூடானைப் பாருங்கள். 2013 டிசம்பரில் தலைநகர் ஜூபாவில் இனவாரியாகக் கொலை தொடங்கியதும் மக்கள் ஓடிப்போய் ஐ.நா. முகாம் வாசலில் நின்றார்கள். ஐ.நா. அதிகாரிகளுக்கு ருவாண்டா நினைவு வந்திருக்க வேண்டும், கதவைத் திறந்தார்கள். அதன் பிறகு நாடு முழுவதும் அந்த முகாம்களுக்குள் ஒரு கட்டத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருடக்கணக்கில் உயிரோடு இருந்தார்கள். அந்த டிசம்பர் 19-ஆம் தேதி அகோபோ என்ற ஊரில் இருந்த சிறு முகாமைப் பெரிய ஆயுதக் கும்பல் ஒன்று தாக்கியதில், உள்ளே அடைக்கலம் புகுந்தவர்களோடு இரண்டு இந்திய வீரர்களும் உயிரைக் கொடுத்தார்கள். அதே தென் சூடானில் 2016 பிப்ரவரியில் மலக்கால் முகாமுக்குள் புகுந்து தாக்கியபோது படையினர் தாமதித்தார்கள், சில காவல் நிலைகளைவிட்டே போய்விட்டார்கள், 30 பேர் அளவில் செத்தார்கள். இரண்டும் ஒரே பணியில் நடந்தவைதான்.

படை வந்து சேரும் வரை அந்த ஊர் மக்கள் என்ன செய்வார்கள்? சும்மா காத்திருப்பார்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். யாரும் சும்மா இருப்பதில்லை. போரில் தப்பிப் பிழைத்தவர்களில் பெரும்பாலானோரை முதலில் காப்பாற்றியது பக்கத்து வீடு, கோயில், சர்ச், பள்ளிவாசல், சந்தைப் பெண்கள், ஊர்ப் பெரியவர். நீலத் தொப்பி வந்தால் அது இரண்டாவதாகத்தான் வரும்.

கிழக்குக் காங்கோவில் ஆயுதக் குழு வருவது தெரிந்தால் பாத்திரத்தைத் தட்டிக் கிராமத்தை எழுப்புவார்கள். எந்தக் காட்டுப் பாதையில் போனால் ஒளியலாம், குழந்தைகளை யார் தூக்குவது என்பதெல்லாம் ஏற்கெனவே பேசி வைத்ததாக இருக்கும்.

கென்யாவின் வஜீர் பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் சோமாலிக் குலங்களுக்குள் வெட்டுக்குத்து. தேகா இப்ராஹிம் அப்தி உள்ளிட்ட சில பெண்கள் சந்தையில் ஆரம்பித்தார்கள். எந்தக் குலத்துப் பெண்ணாக இருந்தாலும் இங்கே பயமில்லாமல் விற்கலாம், வாங்கலாம் என்று முடிவெடுத்து, அதை மீறுகிறவர்களைக் கண்காணிக்கத் தங்களுக்குள் ஒரு குழு போட்டார்கள். சந்தை நின்றால் அடுப்பு எரியாது, அதனால் அந்தக் கட்டளைக்கு மதிப்பு இருந்தது. பிறகு பெரியவர்களையும் இளைஞர்களையும் சேர்த்துச் சமாதானக் குழுவாக வளர்த்தார்கள்.

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் 2017-இல் பங்கசூ நகரத்தில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது, கத்தோலிக்க ஆயர் அகிர்ரே தன் குருமடத்திலேயே 2,000 பேர் அளவில் வைத்துக் காத்தார். தலைநகர் பாங்கியில் இமாம் கோபின் லயாமாவைக் கொல்லத் தேடினார்கள் என்பதால் பேராயர் ந்சபலைங்கா அவரைக் குடும்பத்தோடு தன் வீட்டிலேயே பல மாதம் தங்க வைத்தார். இருவரும் ஒரு சுவிசேஷ சபைப் பாதிரியாரையும் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், இது மதச் சண்டை இல்லை என்று சொன்னார்கள்.

லைபீரியாவில் 2003-இல் உள்நாட்டுப் போரை நிறுத்தச் சொல்லிக் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடுத்தி மன்ரோவியாவின் மீன் சந்தைக்குப் பக்கத்தில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். கானாவில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது லேமா போவீயும் மற்ற பெண்களும் மண்டபத்தின் வாசலை அடைத்து உட்கார்ந்து, ஒப்பந்தம் வராமல் யாரும் வெளியே போக முடியாது என்றார்கள். ஒப்பந்தம் வந்தது, அந்த வருடமே ஐ.நா. படையும் வந்தது. போவீக்கு 2011-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அந்தப் பெண்கள் இல்லாமல் படை இறங்க ஒரு அமைதியே இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் ஊர்க்காரர்களே போதுமே, வெளியாள் எதற்கு?

பாத்திரத்தைத் தட்டினால் ஓடலாம், இயந்திரத் துப்பாக்கியைத் தடுக்க முடியாது. பங்கசூவில் ஆயர் கதவைத் திறந்தாலும் வெளியே ஐ.நா. படையினரும் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு தரப்பும் ஒன்றோடொன்று பேசினால்தான் காரியம் நடக்கிறது. பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நம் நாட்டுப் படை சம்பந்தப்பட்டதாகவே, ஓர் உதாரணம் இருக்கிறது.

2008 நவம்பரில் காங்கோவின் கிவாஞ்சா ஊரில் கிளர்ச்சிப் படை வீடுவீடாகப் புகுந்து ஆண்களைக் கொன்றது, 150 பேர் அளவில் செத்தார்கள். ஒரு மைல் தூரத்துக்குள் ஐ.நா. முகாம், அதில் இருந்தவர்கள் இந்திய வீரர்கள். ஆள் குறைவு ஒரு பக்கம். மக்களிடம் பேச மொழிபெயர்ப்பாளர் இல்லாததால் பக்கத்துத் தெருவில் என்ன நடக்கிறது என்றே அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது இன்னொரு பக்கம். இந்தியர் என்பதற்காக இதை மறைத்துப் பேசக் கூடாது.

அதற்குப் பிறகு காங்கோ பணியில் மாற்றம் கொண்டுவந்தார்கள். உள்ளூர் மொழி தெரிந்த காங்கோக்காரர்களையே 'சமூகத் தொடர்பு உதவியாளர்' என்று வேலைக்கு எடுத்து, ஒவ்வொரு முகாமோடும் இருக்கச் செய்தார்கள். அவர்கள் தினமும் கிராமங்களுக்குப் போவார்கள், ஆசிரியர், தலைவர், பெண்கள் சங்கம் என்று நம்பகமானவர்கள் கையில் தொலைபேசி கொடுத்து வைப்பார்கள், எந்தப் பாதையில் பயம், எந்தக் கிழமை சந்தை, எப்போது ரோந்து வேண்டும் என்று கேட்டுப் படைத்தலைவரிடம் சொல்வார்கள். பெண்கள் விறகுக்கும் தண்ணீருக்கும் போகும் நேரத்தில்தான் அதிகம் தாக்கப்படுகிறார்கள் என்பது இப்படிப் பேசும்போதுதான் தெரியவரும். சூடானின் தார்பூரில் விறகு பொறுக்கப் போகும் பெண்களுக்காகவே தனி ரோந்து போனதும் அதனால்தான். சமையல்கட்டுத் தகவல் என்று ஒதுக்கியதை ராணுவத் தகவலாக எடுத்துக்கொண்ட பிறகு உயிர்கள் பிழைத்தன.

இதிலும் ஆபத்து உண்டு. தகவல் சொன்னவர் யார் என்று ஆயுதக் குழுவுக்குத் தெரிந்தால் அவரைத்தான் முதலில் தேடி வருவார்கள். ஐ.நா. அதிகாரி பகல் வெளிச்சத்தில் வெள்ளை ஜீப்பில் வந்து ஒருவர் வீட்டு வாசலில் நிறுத்தினாலே அந்தக் குடும்பத்துக்கு வினை. தொலைபேசியைக் கொடுத்துவிட்டு, அழைத்தால் வராமல் இருப்பது அதைவிடப் பெரிய துரோகம்.

ஆயுதமே இல்லாமல் வெளியாட்கள் போய்க் காப்பாற்ற முடியுமா?

சில இடங்களில் முடிந்திருக்கிறது. 2014 ஏப்ரலில் தென் சூடானில் 'போர்' (Bor) என்ற பெயருள்ள நகரத்தில் ஐ.நா. முகாம் தாக்கப்பட்டபோது, நான்வயலன்ட் பீஸ்ஃபோர்ஸ் என்ற அமைப்பின் இரண்டு ஊழியர்கள் ஒரு மண் குடிசைக்குள், பெண்களும் குழந்தைகளுமாக 14 பேரோடு மாட்டிக்கொண்டார்கள். துப்பாக்கியோடு வந்தவர்கள் "நீங்கள் இருவரும் போகலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இவர்கள் அடையாள அட்டையைக் காட்டி, இவர்களை விட்டுப் போகமாட்டோம் என்றார்கள். கடைசியில் வந்தவர்கள் போய்விட்டார்கள், 14 பேரும் பிழைத்தார்கள். அந்த முகாமில் மற்ற இடங்களில் பலர் செத்த நாள் அது.

இதே அமைப்பின் முதல் பெரிய பணி 2003-இல் இலங்கையில்தான் தொடங்கியது. மூதூர், வாழைச்சேனைப் பக்கங்களில், பிள்ளைகளைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போனதால் கேட்கப் போன தாய்மார்களுக்குத் துணையாகப் போவதும் அவர்கள் வேலையில் ஒன்று. வெளிநாட்டுச் சாட்சி ஒருவர் பக்கத்தில் நிற்கிறார் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள், அதுதான் இதன் அடிப்படை. உலகம் என்ன நினைக்கும் என்று கவலையே படாத ஆயுதக் குழுவிடம் இது பலிக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த எண்ணத்துக்கு நம் மண்ணிலும் வேர் உண்டு. வினோபா பாவே 1957-இல் சாந்தி சேனையைத் தொடங்கினார், காந்திகிராமத்தில் ஜி. ராமச்சந்திரன் மாணவர்களைக் கொண்டு அதை நடத்தினார். திண்டுக்கல் நமக்கு அப்படி என்ன தூரம்?

நம்ம வட்டாரத்தில் இதுமாதிரி ஏதாவது நடந்திருக்கிறதா?

போர் நடக்கவில்லை, அதனால் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் 1982-இல் குமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் கலவரம் மூண்டபோது, நம் குன்றக்குடி மடத்தின் அடிகளார் அங்கே போய் இரு தரப்போடும் பேசினார். ஒரு சைவ மடாதிபதி கடலோரத்துக் கிறிஸ்தவ ஊர்களுக்குள் போய் உட்கார்ந்து கேட்பது அன்றைக்குச் சாதாரணம் இல்லை. பாங்கியில் பேராயரும் இமாமும் செய்ததை நான் படித்தபோது எனக்கு முதலில் அடிகளார்தான் நினைவுக்கு வந்தார்.

இன்னொன்று, கசப்பானது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி தேர். தலித் மக்களும் வடம் பிடிக்க வேண்டும் என்ற உரிமைக்காக 1998-இல் தொடங்கிய பிரச்சினை, நீதிமன்றம், கோட்டாட்சியர் தலைமையில் அமைதிப் பேச்சுவார்த்தை, போலீஸ் குவிப்பு என்று போய், பல வருடம் தேரே ஓடாமல் நின்று, 2024 ஜூனில் பலத்த பாதுகாப்போடு ஓடியது. போலீஸ் நின்றதால் அடிதடி இல்லை. ஆனால் போலீஸ் போன மறுநாள் அந்த ஊர்களில் யார் யாரோடு டீ குடிக்கிறார்கள் என்பதைப் போலீஸ் தீர்மானிக்க முடியாது, அதைப் பேசித் தீர்க்கிற பெரியவர்கள் இரு பக்கமும் வேண்டும். ஐ.நா. படையின் எல்லை எது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

2009-இல் முள்ளிவாய்க்காலுக்கு ஏன் யாருமே வரவில்லை? (முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பி கேட்டது)

தம்பி, இதற்கு ஆறுதலான பதில் என்னிடம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசு சொன்னதும், ஐ.நா. தன் ஊழியர்களைக் கிளிநொச்சியிலிருந்து விலக்கிக்கொண்டது. மக்கள் அலுவலக வாசலில் திரண்டு, போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள், வண்டிகள் போயின. அதற்குப் பிறகு வன்னிக்குள் என்ன நடந்தது என்று சொல்ல வெளிச் சாட்சி மிகக் குறைவு. அங்கே இருந்த தமிழ் மருத்துவர்களும் செவிலியர்களும் ஊழியர்களும் குண்டு விழுந்த மருத்துவமனைகளில் கடைசி வரை வேலை பார்த்தார்கள்.

அமைதிப்படை அனுப்ப அரசின் சம்மதம் வேண்டும், அது கிடைக்காது. பாதுகாப்பு அவையின் அதிகாரபூர்வ நிகழ்ச்சி நிரலில் இலங்கை ஏறவே இல்லை, உள்நாட்டு விவகாரம் என்று சீனாவும் ரஷ்யாவும் எதிர்த்தன, மற்றவர்களும் பெரிதாக மல்லுக்கு நிற்கவில்லை. இந்தியாவும் நிற்கவில்லை. அரசு அறிவித்த 'தாக்குதலற்ற வலயங்கள்' மீதே குண்டுகள் விழுந்தன. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-இல் சொன்னது. 2012-இல் சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான உள் விசாரணை, ஐ.நா. அமைப்பே தன் கடமையில் தவறியது என்று எழுதியது. தங்களிடம் இருந்த சாவு எண்ணிக்கையைக்கூட அதிகாரிகள் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கியிருக்கிறார்கள். ருவாண்டாவில் 1994-இல் வண்டிகள் கிளம்பிய பிறகு நடந்ததை அறிந்த ஓர் அமைப்பு இதைச் செய்தது, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

1987-இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை ஐ.நா. படைதானே?

இல்லை. அது ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் 1987 ஜூலை 29 அன்று செய்த ஒப்பந்தத்தின்படி இந்தியா தானே அனுப்பியது. ஐ.நா. மேற்பார்வை, நீலத் தொப்பி எதுவும் இல்லை. அமைதி காக்கப் போன படை சில மாதத்தில் போரிடும் தரப்பாகவே மாறியது. அந்த அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் மருத்துவர்கள், நோயாளிகள் உட்பட 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் இலங்கை மண்ணில் இறந்தார்கள், அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. 'அமைதிப்படை' என்ற சொல்லைக் கேட்டதும் முகாமில் சிலர் முகம் மாறினால் காரணம் இதுதான், அவர்களிடம் வாதம் செய்யாதீர்கள்.

"எங்க ஐயா பர்மாவில் கொண்டுவிற்றவர். அங்கே ஐ.நா. படை போயிருக்கிறதா?" (காரைக்குடியில் ஓர் ஆச்சி)

போனதில்லை ஆச்சி. 1942-இல் ஜப்பான் குண்டு போட்டு லட்சக்கணக்கான இந்தியர் மலைக்காடு வழியே நடந்தபோது ஐ.நா.வே பிறக்கவில்லை. 1962-க்குப் பிறகு நே வின் ஆட்சியில் சொத்தை இழந்து வந்தவர்களுக்குக் கப்பல் கிடைத்தது, காவல் கிடைக்கவில்லை. காரைக்குடியில் பர்மா காலனி இருக்கிறதே, அந்தப் பெயரே சாட்சி. 2017-இல் ரொஹிங்யா மக்கள் 7 லட்சத்துக்கும் மேல் வங்கதேசத்துக்கு ஓடியபோதும் படை போகவில்லை, சர்வதேச நீதிமன்றத்தில் காம்பியா நாடு வழக்குத்தான் போட்டது.

அமைதிப்படையே தப்பு செய்தால் யார் கேட்பது?

இந்தப் பகுதிதான் மிகவும் பலவீனம். 2010-இல் ஹைட்டியில் நேபாளப் படைமுகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவி, சுமார் 10,000 பேர் இறந்தார்கள். பல வருடம் மறுத்துவிட்டு 2016 டிசம்பரில்தான் அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார். பெண்களையும் சிறுமிகளையும் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கிய வீரர்களைப் பற்றிய புகார்கள் பல நாடுகளிலிருந்து வந்திருக்கின்றன. வீரர் எந்த நாட்டுக்காரரோ அந்த நாட்டுச் சட்டம்தான் அவர் மேல் பாயும், ஐ.நா. அவரைத் திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான். பாதிக்கப்பட்டவள் அங்கே, வழக்கு எங்கோ. படை அனுப்பும் நாடுகள் சம்பவ இடத்திலேயே ராணுவ நீதிமன்றம் நடத்தினாலொழிய இது மாறாது, இந்தியாவும் அதைச் செய்ய வேண்டும்.

செலவு யாருடையது?

எல்லா உறுப்பு நாடுகளும் பங்கு போடுகின்றன, அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து ஏறக்குறைய பாதி. 2024–25-க்கு மொத்தம் சுமார் 560 கோடி டாலர். உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிடுவதில் இது ஒரு சதவீதத்தில் கால்வாசிகூட வராது. அந்தப் பாக்கியையும் சரியாகக் கட்டாததால், படையினரில் ஏறக்குறைய கால் பங்கைக் குறைக்கப்போவதாக 2025 அக்டோபரில் ஐ.நா. அறிவித்தது.

"என் மகன் ராணுவத்தில் இருக்கிறான், ஐ.நா. பணிக்குப் பெயர் வந்திருக்கிறது. அனுப்பலாமா?"

முடிவு அவருடையதும் உங்களுடையதும். தெரிந்ததைச் சொல்கிறேன் அம்மா. இதுவரை 2.9 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போய் வந்திருக்கிறார்கள், 170-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. 1961-இல் காங்கோவில் இறந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். கிளம்புமுன் டெல்லியில் இதற்கென்றே உள்ள மையத்தில் பயிற்சி உண்டு. நோயும் சாலை விபத்தும் குண்டைப் போலவே உயிரை வாங்குகின்றன, தடுப்பூசியையும் மலேரியா மாத்திரையையும் விடாமல் போடச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளும் போகிறார்கள்: லைபீரியாவுக்கு 2007-இல் போன இந்தியப் பெண் போலீஸ் பிரிவு உலகிலேயே அந்த வகையில் முதலாவது. மேஜர் சுமன் கவானி, மேஜர் ராதிகா சென் இருவரும் ஐ.நா.வின் விருது பெற்றவர்கள். உங்கள் மகனிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த ஊர் மொழியில் பத்து வார்த்தையாவது படித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இங்கே இருந்துகொண்டு நாங்கள் என்ன செய்ய முடியும்?

நம் ஊரில் திருவிழாவோ தேர்தலோ நெருங்கும்போது வாட்ஸ்அப்பில் வரும் கலவரச் செய்தியை அனுப்புமுன் அந்த ஊர்க்காரர் ஒருவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள், வதந்தியை நிறுத்துவது காங்கோவில் சமூகத் தொடர்பு உதவியாளர் செய்கிற அதே வேலை. மறுவாழ்வு முகாமில் இருக்கும் பெரியவர்கள் எப்படித் தப்பினார்கள், யார் ஒளித்து வைத்தார்கள், எந்தக் கோயில், எந்த சர்ச் கதவைத் திறந்தது என்பதை, அவர்கள் சம்மதித்தால் மட்டும், பதிவு செய்து வையுங்கள். அவர்களுக்கு வயதாகிறது, நாளாக ஆக மறந்துபோகும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம், இந்தியா அனுப்பும் படைகளோடு மொழிபெயர்ப்பாளர்கள் போகிறார்களா, தப்பு செய்தவர்கள் மேல் வழக்கு நடந்ததா என்று கேள்வி எழுப்பச் சொல்லி எழுதுங்கள்.

படித்து முடித்த பிள்ளைகள் ஐ.நா. தொண்டர் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். இணையத்தில் இருந்தபடியே செய்கிற வேலைகளும் அதில் உண்டு. காங்கோவும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசும் பிரெஞ்சு பேசும் நாடுகள், அதனால் பிரெஞ்சு தெரிந்தால் வாய்ப்பு அதிகம், அதைப் படிக்கப் புதுச்சேரி வரை போனால் போதும்.